புகை போட்டவள்

ஜனவரி 5, ஞாயிறு

இந்த வருஷத்து டைரியின் அட்டையில் தலைவர் ரத்தினசபாபதி சிரித்துக்கொண்டிருக்கிறார். செத்துப் பல வருஷம் ஆகியும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. அவருடைய கட்சி ஆபீசில் கிளைச் செயலாளர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. என் மகன் ஏகாம்பரம் கிளைச் செயலாளர். எனக்கு எழுத்து வந்தது நடுவயதில், அறிவொளி வகுப்பில். அவன் வாங்கிவரும் டைரியெல்லாம் என்னுடையதுதான்.

அட்டைக்குப் பழுப்புத் தாள் போட்டேன். “இன்னாத்துக்கு அயித்தே, அட்டையே நல்லாத்தானே கீது?” என்றாள் மருமகள் அமுலு. அழுக்காகும் என்றேன். எது அழுக்காகும் என்று சொல்லவில்லை.

ஜனவரி 9, வியாழன்

குழாயடியில் சண்டை. தேசம்மா என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை முன்னால் வைத்தாள். தேசம்மா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. பிள்ளை இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார், எதிர்வீட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு ஆடு படுக்கும் அகலம்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது. திட்டுவது பேச்சில் சேராது.

அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனால் எதிராளியின் வாயசைவைப் பார்த்தே ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவாள். இது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் அவளைத் திட்டவேண்டுமானால் முதுகைக் காட்டித் திட்டவேண்டும். இன்றைக்கும் மோட்டார் ரூம் சுவரைப் பார்த்துத்தான் திட்டினேன். அப்படித் திட்டுவதில் பாதி ருசிதான். அவளோ ரகசியம் பேசுவதாக நினைத்துப் பேசினாலும் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். “பச்சையம்மா முதுவக் காட்டினாலே வைய்யறான்னு அர்த்தம்!” என்றாள். குழாயடி முழுக்கச் சிரித்தது.

அவள் மேல் எனக்கிருக்கும் கோபத்தை எழுத இந்த டைரி போதாது. ஏகாம்பரம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பு என்று கத்தினாள். அவள் வளர்த்த நாய் என் வெள்ளைச் சேவலைத் தின்றது. என் வீட்டுக்காரர் செத்தபோது வாசலில் நின்று பார்த்தாளே தவிர உள்ளே வந்து ஒரு குரல் அழவில்லை. இதெல்லாம் சில்லறை. பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. அது என் வீட்டுக்காரரைப் பற்றி அவள் சொன்ன சொல்.

ஜனவரி 16, வியாழன்

ஏகாம்பரம் ஸ்வீட் டப்பாவோடு வந்தான்.

“யம்மா, தலைவர் கதைய சினிமாவா எடுக்கறாங்க. பேரு ‘விலங்கொடித்த வேந்தன்’. நம்ம செங்கச் சூளை சீன இங்கியே ஏரிக்கரையாண்ட எடுக்கறாங்க.”

“எந்த சூளை சீனு?”

“அதான்மா. தலைவரு வந்து இரும்புக் கேட்ட ஒடைச்சி, கொத்தடிமையா கெடந்த நம்ம சனத்த வெளில இட்டாந்தாரே.”

“எந்தக் கேட்டு?”

சூளையைவிட்டு நாங்கள் வந்தபோது அவன் என் இடுப்பில் இருந்த பிள்ளை. கேட்டைப் பார்த்திருக்க முடியாது. பெரியவர்களும் பார்த்திருக்க முடியாது, இருந்தால்தானே பார்ப்பதற்கு.

பிறகுதான் முழுதும் சொன்னான். படத்தில் அவனுடைய நைனாவும் வருகிறாராம். தலைவருக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்று போராடுகிறாராம். படம் முடியும்போது நிஜத்தில் வாழ்ந்த ஒருவரைத் திரையில் காட்டுவது இப்போது வழக்கமாம். சூளையில் வேலை பார்த்தவர்களில் உயிரோடிருப்பது நானும் தேசம்மாவும்தான். அவளுக்குக் காது இல்லை. ஆகவே நான். கேட்டை உடைத்தது தலைவர், கூட நின்றது என் புருஷன் என்று கேமராவுக்கு முன்னால் சொல்லவேண்டும்.

“மாவட்டச் செயலாளரே கூப்ட்டு சொன்னாரும்மா. தியாகி குடும்பம்னு படத்துல வந்துட்டா ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு எனக்குத்தான். இருவது வருஷமா கொடி கட்டறேன். வேற இன்னா கேட்டேன் உன்கிட்ட?”

வேறு எதுவும் கேட்டதில்லை. அது உண்மை. ஸ்வீட்டைத் தின்றேன். பழசு.

ஜனவரி 22, புதன்

டைரக்டர் வந்தான். பெயர் ப்ரணவ். தாடி வைத்த பிள்ளை, மரியாதையாகத் தரையில் உட்கார்ந்தான். அமுலு கொடுத்த காபியைச் சர்க்கரை அதிகம் என்று முகம் சுளிக்காமல் குடித்தான். நல்ல வளர்ப்புதான். அதனால் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“பாட்டி, அந்தக் கேட் எவ்வளவு உயரம் இருக்கும்? ஆர்ட் டைரக்டர் கேக்கறாரு.”

“கேட்டே இல்லப்பா. சூளைக்கு எவனாவது கேட்டு போடுவானா? நாலு பக்கமும் வெட்டவெளி.”

“அப்ப சங்கிலி?”

“சங்கிலி போட்டா எப்படிக் கல்லு அறுக்கறது?”

அவன் தாடியைத் தடவினான். “அப்புறம் ஏன் பாட்டி யாரும் வெளிய போகல?”

நல்ல கேள்வி. இந்த நாற்பது வருஷத்தில் ஒரு கட்சிக்காரன் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதற்காகச் சொன்னேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கைநீட்டி வாங்கிய முன்பணம் எங்கள் தலைமேல் இருந்தது, அது எத்தனை கல் அறுத்தாலும் இறங்கவில்லை. ஒரு சாவுக்கோ திருவிழாவுக்கோ வெளியே போகவேண்டுமானால் குடும்பத்தில் ஒருவரை மேஸ்திரியிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். பெரும்பாலும் பிள்ளையை விடுவார்கள். போனவர்கள் திரும்பி வந்தால் பிள்ளை கிடைக்கும். இதைவிடப் பெரிய கேட்டு எந்த ஆசாரியால் செய்யமுடியும்?

“உங்க வீட்ல யார விடுவீங்க?”

“எங்க வூட்ல ஒருத்தி இருந்தா. புள்ள இல்லாதவ. எங்க புள்ளய விட உடமாட்டா. ‘நான் கெடக்கறேன், போய்ட்டு வாங்க’ம்பா.”

“யாரு பாட்டி அவங்க?”

எதிர்வாசலில் தேசம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து திரும்பி உட்கார்ந்தேன். “யாரோ ஒருத்தி” என்றேன்.

போகும்போது ப்ரணவ் சொன்னான். “நீங்க சொல்றது புரியுது பாட்டி. ஆனா சினிமாவுக்கு ஒரு கதவு வேணும். கதவு இல்லாம விடுதலைய எப்படிக் காட்டறது?”

“நாங்க நடந்து போனோம். நடக்கறதக் காட்டு.”

“நடக்கறதுக்கு யாரு பாட்டி விசில் அடிப்பாங்க?”

ஜனவரி 23, வியாழன்

நேற்று அவனிடம் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

சூளைக்குத் தீ வைத்துவிட்டால் அணையவிடக் கூடாது. அடியில் இருக்கும் வாய்களில் இரவும் பகலும் விறகு தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். தீ இறங்கினால் அடுக்கிய கல் முழுவதும் அரைவேக்காடாகிப் போகும். முதலாளி வீடு ஏரிக்கு அக்கரையில். மாடியில் ஈசிச்சேரில் உட்கார்ந்தபடி புகையைப் பார்ப்பார். புகை எழும்பினால் ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். புகை மெலிந்தால் மேஸ்திரியை அனுப்புவார். தீ வைத்த நாட்களில் அவருக்குக் கண்ணும் காதும் அந்தப் புகைதான்.

இதை எங்கள் சனம் எல்லோரும் வருஷக்கணக்காகப் பார்த்திருந்தோம். ஒருத்திக்குத்தான் அதில் ஒரு வழி தெரிந்தது. “தீ வச்ச அன்னிக்கு எல்லாரும் போயிடுங்க. பொழுது விடியறதுக்குள்ள ஏரிக்கரை தாண்டிடணும். நேரா சப்-கலெக்டர் ஆபீசு. புகைய நான் பாத்துக்கறேன்” என்றாள். ஆண்பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். “யாரையாவது விட்டுட்டுத்தானே போவணும்? எப்பவும்போல என்ன விட்டுட்டுப் போங்க” என்றாள்.

போனோம். இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து போனோம். எங்கள் குடித்தனத்துக்கு இருந்த ஒரே பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஏகாம்பரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன். வானம் வெளுக்கத் தொடங்கும்போது ஏரி மதகில் நின்று திரும்பிப் பார்த்தேன். புகை கன்னங்கரேலென்று நேராக எழும்பிக்கொண்டிருந்தது. ஆறு ஆள் தள்ளும் விறகை அவள் ஒருத்தி ஓடி ஓடித் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் புகையை நான் மறந்தால் என் கண் அவிந்துபோகட்டும்.

உச்சிப்பொழுதுக்குள் மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புகை குறையாமலே எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். சூளையில் அவளைத் தனியாகப் பிடித்து இரண்டு காதிலும் மாறி மாறி அறைந்தான். அன்றோடு காது போயிற்று. ஆனால் அதற்குள் நாங்கள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டோம். ரத்தினசபாபதி அப்போது எம்.எல்.ஏ. மூன்றாம் நாள் ஜீப்பில் வந்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். விடுதலைச் சான்று சீக்கிரம் வர ஒரு வார்த்தை சொன்னார். நான் நன்றி கெட்டவள் இல்லை. டீ கொடுத்ததற்கு டீ கொடுத்தார் என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு பன் கூடச் சேர்க்கமாட்டேன்.

அவள் சொன்ன சொல் இதுதான். என் வீட்டுக்காரர் மதகிலிருந்து திரும்பிப் போனார், மேஸ்திரியிடம் சொன்னவர் அவர்தான் என்று ஊர் கூடின இடத்தில் சொன்னாள். அபாண்டம். அவர் பானை எடுக்கத்தான் திரும்பிப் போனார்.

ஜனவரி 29, புதன்

அமுலு வைத்த கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

ஷூட்டிங் பார்க்கப் போனோம். ஏரிக்கரையில் சூளை கட்டியிருக்கிறார்கள். அட்டைச் சூளை. அதற்குக் கோட்டைவாசல் மாதிரி ஒரு கேட்டு. கேட்டில் தேங்காய் அளவுக்குப் பூட்டு. ஜெயிலில்கூட இப்படி இருக்காது.

ரத்தினசபாபதியாக நடிக்கிறவன் ஆறடி. அவரோ என் தோள் அளவுதான் இருப்பார், பாவம். இவன் வெள்ளை வேட்டியோடு சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பூட்டை உடைக்கிறான். நானாக நடிப்பது எந்த ஊர்ப் பெண்ணோ, தமிழ் வராது. கோதுமை நிறத்தில் முகம், அதில் இரண்டு இடத்தில் கரியைத் தொட்டு வைத்திருந்தார்கள், திருஷ்டிப் பொட்டு மாதிரி. “அந்தப் பொண்ணு முகத்த நல்லாப் பூசி உடுங்க, சூளையில நாங்க சிகப்பா இல்ல” என்றேன். அவளுக்கு மேக்கப் போடுகிறவன் என்னைப் பார்த்துவிட்டு, “ஆமா, தெரியுது” என்றான். படவா.

ப்ரணவிடம் போய்க் கேட்டேன். “தம்பி, எல்லாம் இருக்குது, புகைய எங்க காணோம்?”

“புகை போட்டுப் பாத்தோம் பாட்டி. ஹீரோ முகத்த மறைக்குது. எடுத்துட்டோம்.”

அதன்பிறகு கேட்டு திறக்கும் சீன். எங்கள் காலனிச் சனத்தையே கூலி பேசி, கந்தல் உடுத்தி உட்காரவைத்திருந்தார்கள். தேசம்மாவும் இருந்தாள். கேட்டு திறந்ததும் எல்லோரும் ஓடிவந்து தலைவர் காலில் விழவேண்டும். மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் விழுந்தார்கள். இவள் ஒருத்தி கொடிக்கம்பம் மாதிரி நின்றாள். “அந்த மஞ்சப் புடவப் பாட்டி, விழுங்க, விழுங்க!” என்று அசிஸ்டண்ட் முகத்துக்கு நேராக வந்து கத்தினான். அவள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். திரும்ப எடுத்தார்கள். திரும்ப நின்றாள். கடைசியில், “காது கேக்காதுங்க, அவங்கள ஓரமா உக்கார வைங்க” என்று விட்டுவிட்டார்கள்.

அவன் வாயை அவள் ஒழுங்காகத்தான் பார்த்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பிரியாணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனாள். வெட்கம் கெட்டவள்.

பிப்ரவரி 10, திங்கள்

ஏகாம்பரம் ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னான். நான் பேசவேண்டிய பேச்சாம். யாரோ எழுதியது. ‘எங்கள் கண்ணீரைத் துடைத்த கருணைக் கடல்’ என்று ஆரம்பிக்கிறது.

“நான் இந்த மாதிரிப் பேச மாட்டேன். எனக்கு வாய் கோணும்.”

“உன் பேச்சுலயே சொல்லு. ரெண்டே விஷயம். கேட்ட ஒடைச்சாரு. நைனா கூட நின்னாரு.”

“ரெண்டும் நடக்கலியேடா.”

“நடந்ததுன்னு ஊரே சொல்லுது, புஸ்தகம் போட்டுட்டாங்க, நீ ஒருத்தி இல்லன்னு சொன்னா ஆச்சா? உனக்கு இன்னாம்மா நட்டம்? நைனாவத்தானே பெருசாக் காட்றாங்க? எவனோ ஒருத்தனையா காட்றாங்க?”

அமுலு அடுப்படியிலிருந்து குறுக்கே வந்தாள். “அயித்தே, மாமாவ அந்த எதிர்வூட்டுக்காரி அன்னிக்கு அவ்ளோ கேவலமாப் பேசிச்சாமே. சினிமாவுலயே வந்துட்டா அது வாயி அடைஞ்சிடும்ல?”

என் கோபத்தை எடுத்து என்னிடமே விற்கிறாள். கெட்டிக்காரி. சாதாரண நாளாக இருந்தால் மெச்சியிருப்பேன்.

யோசித்தேன். நாற்பது வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன்? அவருக்கு ஒரு பேர். அவளுக்கு ஒரு வாயடைப்பு. வெள்ளைச் சேவலுக்கும் சேர்த்து.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவர் நல்ல மனுஷன். ஒருநாளும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. பயந்த சுபாவம். இடி இடித்தால் கூடையைக் கவிழ்த்து அதற்குக் கீழே தலையை வைத்துக்கொள்வார். சாகும்வரை எதிர்வீட்டு வாசலைப் பார்த்து உட்காரமாட்டார், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். வெயில் கண்ணில் படுகிறது என்பார். எங்கள் வாசலில் வெயில் விழுவதே இல்லை.

பிப்ரவரி 15, சனி

கேமரா வந்தது. என்னை ஏரிக்கரைப் புளியமரத்தின் கீழ் உட்காரவைத்தார்கள். சத்தம் வரக்கூடாது என்று எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னான் ப்ரணவ். ஏகாம்பரம் ரோட்டில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். புதுச் சட்டை.

“எதிர்ல ஒருத்தர் இருக்கிற மாதிரி நெனச்சுக்குங்க பாட்டி. அவங்ககிட்ட சொல்ற மாதிரி, மெதுவா, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. அவசரமே இல்ல.”

எதிரில் ஒருத்தரை நினைத்துக்கொண்டேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

முடித்ததும் ப்ரணவ் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினான். தாடியைத் தடவக்கூட இல்லை. பிறகு எழுந்து, “நல்லா வந்திருக்கு பாட்டி. உங்க முகம் ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றான். முகத்தை யார் கேட்டது? ஏகாம்பரம் ஓடிவந்து, “எப்படிங்க சார்?” என்றான். “சூப்பர்ணே. கவலையே படாதீங்க” என்றான் ப்ரணவ்.

சொன்னதைத் திருப்பி எடுக்கமுடியாது. நெல்லா, கொட்டினதை அள்ளுவதற்கு?

மார்ச் 8, சனி

மாவு அரைத்தேன். ஏகாம்பரம் சந்தோஷமாக இருக்கிறான். அவன் சிரிக்கும்போது அவர் ஜாடை. பார்க்காமல் எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தேசம்மாவுக்குக் காய்ச்சலாம். அமுலுவிடம் கஞ்சி கொடுத்தனுப்பினேன். நான் கொடுத்ததாகச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். கஞ்சியைக் குடித்துவிட்டு, “பச்சையம்மா வெக்கிற கஞ்சியில எப்பவும் உப்பு இருக்காது!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

மே 27, செவ்வாய்

படம் அடுத்த வெள்ளிக்கிழமை. ரோடு முழுக்க போஸ்டர். ஏகாம்பரம் வேட்டி எடுத்திருக்கிறான். மாவட்டச் செயலாளர் பக்கத்து சீட்டு அவனுக்காம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “இன்னாம்மா?” என்றான். வேட்டிக் கரை நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

காலைக் காட்சி முழுவதையும் கட்சி வாங்கியிருந்தது. காலனியிலிருந்து இரண்டு வேன். வீட்டு வரிசைப்படி டிக்கெட் கொடுத்ததால் தேசம்மா எனக்குப் பக்கத்து சீட்டு. என் விதி. ஏகாம்பரம் நான்கு வரிசைக்கு முன்னால், மாவட்டச் செயலாளரோடு.

படத்தில் என் வீட்டுக்காரர் முறுக்கு மீசையோடு வந்தார். முதலாளியின் சட்டையைப் பிடித்தார். “யாருடி அவன், உன் புருசனா?” என்று தேசம்மா கேட்டாள். கொட்டகையே திரும்பியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டு வந்தது. பூட்டு உடைந்தது. விசில் பறந்தது. எங்கள் சனமே விசிலடித்தது. அந்த வாண்டுகளுக்கு என்ன தெரியும்? சூளை ஜில்லென்று நின்றுகொண்டிருந்தது, கோயில் மதில் மாதிரி. ஒரு இழை புகை இல்லை.

எல்லாம் முடிந்து இருட்டானது. பிறகு என் முகம் வந்தது. சுவர் அளவுக்கு. என் மூக்குத்தி தாம்பாளம் அளவுக்கு. ஏகாம்பரம் எழுந்து நின்று கைதட்டினான்.

என் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. என் சத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தலைவர் பாட்டைப் போட்டிருந்தார்கள். ‘வேந்தனே, விலங்கொடித்த வேந்தனே’ என்று. நான் என்னவோ அவர் புகழைத்தான் சொல்கிறேன் என்பதுபோல வயலின் வேறு. முகம் நன்றாக வந்திருக்கிறது என்று ப்ரணவ் அன்றைக்கே சொன்னானே, எனக்கு உறைக்கவில்லையே. நாற்பது வருஷமாக வராத சொல் ஒருநாள் வந்தது, அதையும் துடைத்துவிட்டான். கையில் கிடைத்தால் அந்தத் தாடியைப் பிடித்து…

அப்போதுதான் பக்கத்தில் அவள் குரல் எழும்பியது. அவளுக்குப் பாட்டு இல்லை, வயலின் இல்லை. அவள் எதிரில் சுவர் அளவுக்கு ஒரு வாய்தான் இருந்தது. நாற்பது வருஷமாக அவள் படித்துவந்த வாய்.

“கேட்டு இல்ல” என்றாள் தேசம்மா. “பூட்டும் இல்ல. நாங்களேதான் நடந்து போனோம்.”

“ஷ்ஷ்” என்றார்கள். யாரிடம்?

“அவரு மூணாம் நாளு வந்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. நல்ல டீதான்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசைத் தலைகள் திரும்பின. அவள் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. திரையில் என் குரல் எல்லோருக்கும் கேட்கிறது என்று நினைத்துத் தன்பாட்டுக்குச் சொல்கிறாளா, கேட்கவில்லை என்று தெரிந்தே சொல்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

“புகை போட்டது என் ஓரகத்தி. பேரு தேசம்மா.” சொல்லிவிட்டு ஒருமுறை நின்றாள். என் வாயும் அந்த இடத்தில் நின்றது. “அவ ஒருத்திதான் போட்டா. அந்தப் புகைக்குக் கீழதான் நாங்க நடந்தோம்.”

பாட்டு இறங்கிக்கொண்டே வந்தது. திரையில் என் கண் கேமராவைப் பார்த்தது. கேமராவை எங்கே பார்த்தேன், எதிரில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டவளைத்தான் பார்த்தேன். பாட்டு நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் குரல் மட்டும் கேட்டது, பஸ் ஸ்டாப் வரைக்கும் போகிற குரல்.

“பானை என் தலைமேல இருந்துச்சி. அவரு பானை எடுக்கப் போவல.”

லைட் போட்டார்கள்.

மாவட்டச் செயலாளர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். கூட நாலு பேர் போனார்கள். ஏகாம்பரம் போகவில்லை. புது வேட்டியோடு அங்கேயே திரும்பி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் யாரோ ஒரு பெண் கைதட்டினாள். தொடர்ந்து யாரும் தட்டாததால் நிறுத்திவிட்டாள்.

தேசம்மா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு என் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

“இத்தச் சொல்ல இத்தினி வருசமாடி உனக்கு?” என்றாள்.

ஜூன் 7, சனி

ஏகாம்பரம் ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“சீட்டு போச்சி” என்றான்.

“தெரியும்.”

“கேமராவாண்ட சொன்னியே, என்கிட்ட ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்ல?”

“உன் நைனா கெட்டவர் இல்லடா. பயந்தவர்” என்றேன். “இடி இடிச்சா கூடைக்குள்ள தலைய உடுவாரு, ஞாபகம் கீது” என்றான். எழுந்து எதிர்வீட்டு வாசல் வரை போனான். உள்ளே போகாமல் அங்கேயே நின்றான். “இன்னாடா, வாசல்லியே நிக்கற? உள்ள வா” என்று தெருவுக்கே கேட்டது.

சாயங்காலம் குழாயடியில் நான் வரிசையில் இருந்தேன். தேசம்மா வந்தாள். என் குடத்தைக் காலால் நகர்த்தினாள். தன் குடத்தை முன்னால் வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் மோட்டார் ரூம் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே திட்டினேன். கல்யாண சாம்பாரிலிருந்து ஆரம்பித்து வெள்ளைச் சேவல் வரைக்கும், நிறுத்தி நிறுத்தி, வாயை நன்றாகத் திறந்து திட்டினேன். ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள்.